பாடகர் குழுவின் பணி

திருப்பலியில் பாடுவது வெறும் அலங்காரம் அன்று. அது வழிபாட்டின் ஓர் அங்கம். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு இதைத் தெளிவாகக் கூறுகிறது. பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் அதே ஏடு, மக்கள் அனைவரும் தமக்குரிய பகுதியைப் பாட வழிசெய்ய வேண்டும் என்றும் பணிக்கிறது.

அப்படியானால் முதலில் எதைப் பாடுவது? வருகைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்போம். 1967-இல் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரையோ, குருவின் வாழ்த்துக்கு மக்கள் தரும் மறுமொழி, 'தூயவர்', கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றையே முதற்படியில் வைக்கிறது. நாம் சொன்ன இரண்டும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. எல்லாரும் சேர்ந்து பாடும் பகுதிக்கே முதலிடம்!

ஆகவே பாடல் நடத்தும் நாம் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நம் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தினால், பின்வரிசைப் பாட்டிமார் மௌனமாகிவிடுவர். புதிய பாடலானால், பூசைக்கு முன்பே பல்லவியை மக்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அன்றைய வாசகங்களைப் படித்த பின்பே பாடல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை. ஆர்மோனியமும் பொதுவாகக் குரலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கும்.

இனிய குரல் இறைவன் தந்த கொடை. அதைக் கேட்டுப் பிறர் நம்மைப் புகழ்வது எளிது. அதைக் கேட்டுப் பிறரும் வாய் திறந்து இறைவனைப் புகழ்வதே நம் பணியின் வளர்ச்சி. இசையின் பாதுகாவலியாம் புனித செசிலியாவின் திருநாளாகிய நவம்பர் 22-இல் மட்டுமன்றி, ஒவ்வொரு ஞாயிறும் இதை நினைவில் கொள்வோமாக!