பாடம் 12: மணியும் நானும்

மணி எங்கள் நாய். துபாயில் ஒரு விலங்குக் காப்பகத்தில் இருந்து அவனைத் தத்தெடுத்தோம். அவன் மணல் நிறம். ஒல்லியான வயிறு, நீண்ட கால்கள்.

சாத்தூர்ப் பாட்டி வீடியோ காலில் அவனைப் பார்த்தார். "அடடே, நம்ம ஊர்ச் சிப்பிப்பாறை நாய் மாதிரியே இருக்கானே!" என்றார்.

காப்பகத்தில், "இவன் சலுக்கி கலப்பாக இருக்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். சலுக்கி அரபு நாட்டு வேட்டை நாய். பாலைவனத்தில் மானையும் முயலையும் துரத்திப் பிடிக்கும். சிப்பிப்பாறை நாயும் முயல் வேட்டைக்குப் பேர் போனது. இரண்டுக்கும் ஓடுவது என்றால் உயிர்.

அதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை ஆனது. வெளியே போனால் மணி லீஷை இழுத்துக்கொண்டே போவான். ஒரு நாள் பூனையைப் பார்த்துப் பாய்ந்தான். நான் தொப்பென்று விழுந்தேன். முழங்காலில் ரத்தம். அன்றைக்கே வீட்டில் அம்மாவின் செருப்பையும் கடித்துவிட்டான்.

அப்பா சொன்னார்: "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். முடியலைன்னா, காப்பகத்துலயே திருப்பிக் கொடுத்துடலாம்மா."

எனக்கு அழுகை வந்தது. "லீஷ் இல்லாம ஓட விடலாமேப்பா?"

"கூடாதும்மா. இங்க பொது இடத்துல நாயை லீஷ்லதான் கூட்டிட்டுப் போகணும். 2016-ல வந்த சட்டம் அது. ரோட்டுல வண்டி வேற வேகமா வருது."

அந்த வாரம் தடுப்பூசி போட மணியைக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். "மணி கெட்டவன் இல்லை. அவனுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்" என்றார். மூன்று வழிகள் சொல்லிக் கொடுத்தார்.

1. மரம் மாதிரி நில். மணி இழுத்தால் நடக்காதே. லீஷ் தளர்ந்த பிறகு நட. பக்கத்திலேயே நடந்து வந்தால், உப்புப் போடாத கோழித் துண்டு ஒன்று கொடு.

2. மோப்பம் பிடிக்க விடு. நாய்க்கு மூக்குதான் செய்தித்தாள். அவசரப்படுத்தாதே.

3. தேட வை. பழைய துண்டில் உணவைத் தூவிச் சுருட்டி வை. அவன் மோந்து, பிரித்து, தின்னட்டும். மூளைக்கு வேலை கொடுத்தாலும் நாய் களைத்துப் போகும்.

இன்னொன்றும் சொன்னார். கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தரை அதைவிடச் சூடாக இருக்கும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். உனக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

அதனால் நானும் அப்பாவும் விடியும் முன்பே எழுந்தோம். முதல் நாள் நான் பலமுறை மரமாக நின்றேன்! அரை மணி நேரத்தில் பக்கத்துக் கட்டடம் வரைக்கும்தான் போனோம். "இது நடையா, நிற்பா?" என்று அப்பா கேட்டார். ஆனாலும் தினமும் கூட வந்தார்.

நாலாவது வாரம். அதே பூனை குறுக்கே ஓடியது. மணியின் உடம்பு நடுங்கியது. நான் மரமாக நின்றேன். மணி பூனையைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். லீஷ் தளர்ந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே கதவு வைத்த செருப்பு அலமாரி!

"எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டார்.

"மணி இங்கதானே இருக்கப் போறான்" என்றார் அப்பா.

புதிய சொற்கள்
காப்பகம் – விலங்குகளை வைத்துப் பாதுகாக்கும் இடம்
மோப்பம் – மூக்கால் வாசனை அறிவது
தளர்தல் – இறுக்கம் குறைவது
புறங்கை – உள்ளங்கையின் மறுபக்கம்

பேசுவதும் எழுதுவதும்
முடியலைன்னா – முடியாவிட்டால்
கூட்டிட்டு – கூட்டிக்கொண்டு
இருக்கப் போறான் – இருக்கப் போகிறான்

பேசலாம், எழுதலாம்
1. மணி ஏன் லீஷை இழுத்தான்?
2. செருப்பு அலமாரியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்?
3. வெயில் காலத்தில் நாயை எப்போது நடக்க வைக்கலாம்? ஏன்?
4. தாத்தா பாட்டியிடம் கேள்: அவர்கள் ஊரில் என்ன நாய் வளர்த்தார்கள்? ஐந்து வரி எழுது.