பஸ்ஸைப் பார்வையால் தூக்கும் நாயகர்களுக்கு

கொடைக்கானல் பக்கம் நடக்கும் அறிவியல் புனைகதைகளில் இரண்டு பேர் ஓயாமல் வருகிறார்கள். ஒருவர் குகையிலிருந்து எழுந்து வரும் சித்தர். மற்றவன், மலைப்பாதையில் சரியும் பஸ்ஸை முறைத்துப் பார்த்தே தூக்கி நிறுத்தும் இளைஞன். புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பவன் என்பதால் இருவரும் எனக்கு நன்றாகவே பழக்கம்.

இளைஞனிடம் முதலில் கணக்குக் கேட்பேன். பத்து டன் பஸ்ஸை ஒரு மீட்டர் உயர்த்தச் சுமார் 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். மனித மூளை மொத்தமாகச் செலவழிப்பதே ஏறக்குறைய 20 வாட்தான். மூச்சுவிடுவதைக்கூட மறந்து அத்தனையையும் பஸ்ஸுக்கே கொடுத்தாலும் 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். பஸ் அதற்குள் பள்ளத்தில் கிடக்கும். “மூளையில் பத்து சதவீதத்தைத்தானே சார் பயன்படுத்துகிறோம், இவன் மீதியைத் திறந்துவிட்டான்” என்று பதில் வரும். 2014-இல் வந்த ‘லூசி’ படம் கொடுத்த தைரியம். தூக்கத்தில்கூட மூளை முழுவதும் ஏதோ வேலையில்தான் இருக்கிறது. அந்தப் பத்து சதவீத வரி வந்தால் கதையை அங்கேயே மூடிவிடுவேன்.

மனதோடு மனம் பேசும் கதைகள் பரவாயில்லை. அதற்கு ஒரு நல்ல முன்கதையே உண்டு. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் இளைஞராக ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து சாவிலிருந்து தப்பினார். அதே நாளில், ஊரில் இருந்த அக்கா மனது பதறி, அப்பாவைத் தந்தி அடிக்கச் சொன்னார். என் பயம் அவளை எப்படி எட்டியது என்று தேடப் போன பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முறையாகப் பதிவு செய்தார். தேடியது கிடைக்கவில்லை, ஈஈஜி கிடைத்தது. அந்த மின்னலைகளோடு எழும் மூளையின் காந்தப்புலமோ பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு பலவீனமானது. அடுத்த அறைக்குக்கூட அது சேதி கொண்டுபோகாது.

அப்படியானால் எதை எழுதுவது? இயற்கையில் ஏற்கெனவே இருப்பதை ஒரு படி நகர்த்தி மனிதரிடம் கொடுங்கள். வலசை போகும் பறவைகளும் கடலாமைகளும் பூமியின் காந்தப்புலத்தை உணர்கின்றன. அந்த உணர்வு கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பூண்டு பயிரிடும் ஒரு பெண்ணுக்கு இருந்தால்? கொடைக்கானலில் 1899-இல் நிறுவிய சூரிய வானாய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் காந்தப்புயல் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். நம் பூண்டுக்காரப் பெண்ணுக்குத் தலைவலி வியாழக்கிழமை வருகிறது, காரணம் செவ்வாய்க்கிழமைப் படத்தில் இருக்கிறது. அந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் உங்கள் கதை நடக்க வேண்டும். யாரும் அவளை நம்ப மாட்டார்கள், ஆனால் சரிபார்க்க முடியும். எனக்கு இதுதான் முக்கியம்.

அவள் சக்திக்கு எல்லையும் அறிவியலிலேயே கிடைக்கிறது. மின்காந்த இரைச்சல் பறவைகளின் திசையறிவைக் குழப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மே மாத சீசனில், ஏரியைச் சுற்றிக் கூட்டமும் மின்கருவிகளும் ஜெனரேட்டருமாக இருக்கும்போது, அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போகட்டும். புயல் அந்த வாரமே வரட்டும்.

சித்தருக்கு வருகிறேன். ‘ஏழாம் அறிவு’ படம் 2011-இல் வந்ததிலிருந்து, பார்வையால் ஆளை வசப்படுத்தும் நோக்கு வர்மத்தை எல்லோரும் நகலெடுக்கிறார்கள். பழனியில் சமாதி கொண்ட சித்தர் போகரைப் பற்றிய மரபு அதைவிடச் செறிவானது. மூலவர் சிலையை அவர் நவபாஷாணத்தால் செய்தார் என்பார்கள்: பொருள், பக்குவம், பல காலப் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. அட்டமா சித்திகளையும் யோக மரபு பரிசாகப் பார்ப்பதில்லை; முத்திக்கு இடைஞ்சல் என்றே எச்சரிக்கிறது. சக்தி கிடைத்ததும் வழி தவறும் ஆள்! இதைவிட நல்ல பாத்திரம் ஹாலிவுட்டில் இல்லை.

வானாய்வகத்தில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் உண்டு. எழுத நினைப்பவர்கள் கோக்கர்ஸ் வாக்கோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.