பாடம் 9: மாமாவின் பழைய கணினி

தாகேதாவில் எங்கள் வீட்டு மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது.

"மாமா, இதுல இணையம் பாத்தீங்களா?"

"பாத்தேனே! நெட்ஸ்கேப்னு ஓர் உலாவி. 1994-ல வந்துச்சு. முதல்ல அதைக் கணினியில நிறுவணும். அப்புறம் தொலைபேசிக் கம்பி வழியா இணையத்துல சேரணும். பக்கம் மெதுவாத்தான் வரும்."

"தமிழ்ப் பக்கமும் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா படிக்க முடியல! எல்லாம் கோணல்மாணலான குறிகள். தமிழ் எழுத்துருவைத் தனியா நிறுவி, உலாவியில அதைத் தேர்ந்தெடுக்கணும். அப்பத்தான் தமிழ் தெரியும். இன்னொரு பக்கத்துக்கு இன்னோர் எழுத்துரு!"

"பர்மிய எழுத்துக்கும் இந்தத் தொல்லை இருந்துச்சே!"

"ஆமா. 2019-லதான் மியான்மர் யூனிகோடுக்கு மாறுச்சு. யூனிகோடுல ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'அ'வோட எண் எல்லாக் கணினியிலயும் ஒண்ணுதான்."

"முதல்ல தமிழை இணையத்துல ஏத்தினது யாரு?"

"பலர் உழைச்சாங்க. சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமின்னு ஓர் ஆசிரியர், எழுத்தாளர். 1995-லயே தமிழ்க் கவிதைகளை இணையத்துல ஏத்தினார்."

அன்று மாலை தஞ்சாவூரில் இருக்கும் பாட்டிக்குக் கைபேசியில் எழுதினேன்: "பாட்டி, சாப்பிட்டீங்களா?" ஓர் எழுத்தும் குலையாமல் போய்ச் சேர்ந்தது. பாட்டியின் பதிலும் தமிழிலேயே வந்தது.

புதிய சொற்கள்
உலாவி – இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்
நிறுவுதல் – மென்பொருளைக் கணினியில் சேர்த்தல்
எழுத்துரு – கணினியில் எழுத்துகளின் வடிவம்

பயிற்சி
1. மாமாவால் தமிழ்ப் பக்கத்தை முதலில் ஏன் படிக்க முடியவில்லை?
2. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழில் மாற்றுக: பாத்தேன், வந்துச்சு, உழைச்சாங்க.
3. உன் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழில் இரண்டு வரி எழுது.