தராசு யார் கையில்?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)

'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்பார்கள் நம் பெரியவர்கள். ஆன்லைன் விளையாட்டு ஆடும் நம் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "எட்டு நாளா? ஒருத்தன் மாசக்கணக்கா சுவரைத் தாண்டிப் பாத்துச் சுட்டுக்கிட்டு இருக்கான், கேக்க ஆள் இல்ல" என்பார்கள். புகார் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். காவலுக்கு என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்களே, அது என்னதான் செய்கிறது? நம் விடுதியில் தினமும் எழும் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த விஷயத்தில் நானே செய்த தவறு ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. அடிப்படைச் சிக்கல்

ஆன்லைன் விளையாட்டில் இரண்டு தரப்பு உண்டு. ஒன்று நிறுவனத்தின் சர்வர். மற்றது நம் கையில் உள்ள கணினி, அதாவது கிளையன்ட். யார் எங்கே நிற்கிறார்கள் என்ற விவரத்தை சர்வர் அனுப்பும். அதை வைத்துப் படம் வரைவது நம் கணினி.

எதிரி சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எட்டிப் பார்க்கும் நொடியில்தான் அவன் இருக்கும் இடத்தை அனுப்புவது என்றால், நெட்வொர்க் தாமதத்தால் அவன் திடீரென்று முளைத்தது போலத் தெரியும். ஆகவே பல விளையாட்டுகளில் சற்று முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அந்த எண்கள் நம் கணினியின் மெமரியில் இருக்கும். அவற்றைத் திருட்டுத்தனமாகப் படித்துத் திரையில் காட்டுவது 'வால்ஹேக்'. அதே எண்களைக் கொண்டு துப்பாக்கியைத் தானாகக் குறி வைக்கச் செய்வது 'எய்ம்பாட்'.

என் அப்பா சந்தையில் காய்கறி விற்பவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஒருநாள் இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். சிரித்துவிட்டு, "தராச வாங்க வர்றவன் கையிலயே குடுத்துட்டு, சரியா நிறுத்தியாப்பானு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?" என்றார். இத்தனை வீடியோ பார்த்தும் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. மோசடித் தடுப்பு மென்பொருள் ஓடுவது, மோசடி செய்பவனின் சொந்தக் கணினியில். அந்தக் கணினிக்கு அவனே எஜமான்.

2. காவல்காரன் வேலை செய்யும் விதம்

வால்வ் நிறுவனம் தன் மோசடித் தடுப்பான 'வேக்' மென்பொருளை 2002-ல் கொண்டுவந்தது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டுக்கு இதுதான் காவல். இத்தகைய மென்பொருளின் முதல் வேலை, தெரிந்த திருட்டு நிரல்களின் அடையாளங்களை மெமரியில் தேடுவது. காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் போட்டோ ஒட்டியிருப்பார்களே, அது போல. போட்டோவில் இல்லாத புதுத் திருடன் வந்தால் தெரியாது. நிரலைச் சிறிது மாற்றி எழுதினாலே அடையாளம் மாறிவிடும். அதிலும் சில நிரல்களை மிகச் சிலருக்கு மட்டும் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். அதன் மாதிரி காவல்காரன் கைக்கு வந்து சேரவே நாளாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்த உடனே எப்போதும் தடை போடுவதில்லை. உடனே போட்டால், எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று நிரல் எழுதியவன் அன்றே தெரிந்துகொள்வான். அதனால் சில காலம் விட்டுவைத்து, மொத்தமாகப் பிடிப்பார்கள். தந்திரம் சரிதான். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அவனிடம் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் நாம் அல்லவா! நம் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் இதுவே. 2018 டிசம்பரில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் இலவசமாக்கப்பட்டது. கணக்கு போனால் புதிய கணக்கு தொடங்கச் செலவும் இல்லை என்றாகிவிட்டது.

3. மேல் மாடியும் கீழ் மாடியும்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் 'ரிங் 0', 'ரிங் 3' என்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி; இங்கே அதுதான் போர்க்களம். சாதாரண நிரல்கள் ஓடுவது ரிங் 3. கெர்னலும் டிரைவர்களும் இருப்பது ரிங் 0. திருட்டு நிரல் டிரைவர் வடிவில் ரிங் 0-க்குள் புகுந்துவிட்டால், ரிங் 3-ல் நிற்கும் காவல்காரனின் கண்ணில் அது மண்ணைத் தூவிவிடும்.

இதற்கு விடையாகத்தான் 2020-ல் வெளிவந்த வாலரன்ட் விளையாட்டுக்கு, ரயட் நிறுவனம் 'வான்கார்ட்' என்ற கெர்னல் காவலை வைத்தது. அது கணினி பூட் ஆகும்போதே எழுந்து நிற்கும். இதற்கும் விலை உண்டு. காவல்காரனுக்கு வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். சாவி தொலைந்தால்? ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் மோசடித் தடுப்பு டிரைவரையே கருவியாக்கி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ரான்சம்வேர் பரப்பியதை 2022-ல் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது.

கெர்னல் காவலையும் மீறுபவர்கள் உண்டு. கணினியில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டைச் செருகி, டி.எம்.ஏ. முறையில் மெமரியை நேராகப் படித்து, பக்கத்தில் வைத்த இன்னொரு கணினிக்கு அனுப்புகிறார்கள். திருட்டு நிரல் ஓடுவது இரண்டாவது கணினியில். முதல் கணினியில் தேடினால் நிரல் எப்படிக் கிடைக்கும்?

4. அப்பாவி மாட்டும்போது

"அப்ப இன்னும் கடுமையா தேட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை 'வேக்' தவறாகத் தடை செய்தது. விளையாட்டு அப்டேட் ஆகும்போது டிஸ்க்கில் இருந்த கோப்பும் மெமரியில் இருந்த கோப்பும் பொருந்தாமல் போனதே காரணம். வால்வ் தடையை நீக்கி, மன்னிப்பும் கேட்டது. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் டிரைவரில் வந்த 'ஆன்டி-லேக் பிளஸ்' வசதியைப் போட்டவர்கள் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ல் தடைக்கு ஆளானார்கள். அந்த வசதி விளையாட்டின் நிரலுக்குள் கை வைத்ததே காரணம். ஏ.எம்.டி. அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10,000 பேர் ஆடுகிறார்கள்; அதில் 100 பேர் திருடர்கள். நம் மென்பொருள் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். 100 திருடரில் 99 பேர் மாட்டுவார்கள். மீதி 9,900 நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 99 பேரும் மாட்டுவார்கள். ஆக, பிடிபட்டவர்களில் சரிபாதி அப்பாவிகள்! நூற்றுக்கு 99 என்பது நமக்கு டிஸ்டிங்ஷன். இங்கே அது போதவில்லை. நிறுவனங்கள் தடை போட ஏன் தயங்குகின்றன என்பது இப்போது புரியும்.

5. என் தவறு

சென்ற ஆண்டு எங்கள் துறை மன்றத்தின் சார்பில் லேபில் ஒரு சுடும் விளையாட்டுப் போட்டி வைத்தோம். பொறுப்பு என்னுடையது. முதலாண்டுத் தம்பி ஒருவன் மறைந்திருந்த மூன்று பேரை வரிசையாகச் சுட்டான். "ஹேக்! ஹேக்!" என்று கூட்டம் கத்தியது. தோற்றவர்கள் என் வகுப்பு நண்பர்கள். நான் அவனை எழுப்பி வெளியே அனுப்பினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஹெட்போனில் கேட்டபோது மூவரின் காலடிச் சத்தமும் தெளிவாக இருந்தது. அவன் காதால் பார்த்திருக்கிறான். கணினியைச் சோதித்தேன், எதுவும் இல்லை. அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். ஆனால் அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் அவன் பெயர் கொடுக்கவில்லை. மென்பொருள் செய்யும் தவறைப் பற்றி இவ்வளவு எழுதும் நான், மென்பொருளை விட மோசமாக நடந்துகொண்டேன். காவல் சரியில்லாத இடத்தில் திருடன் மட்டும் வளர்வதில்லை; சந்தேகமும் வளர்கிறது. நன்றாக ஆடுபவன் எல்லாம் திருடனாகத் தெரிகிறான்.

6. செய்ய வேண்டியவை

விடை முழுவதும் கிளையன்டில் இல்லை. எதிரி கண்ணில் படும் நிலை வரும்வரை அவன் இருக்கும் இடத்தை அனுப்பாமல் சர்வரே தடுப்பது ஒரு வழி. வாலரன்ட் இதைச் செய்கிறது. ஆடும் விதத்தைக் கவனிப்பது இன்னொரு வழி. வால்வ் தன் 'வேக்நெட்' என்னும் டீப் லேர்னிங் முறையை 2018-ல் விளக்கியது. தராசைக் கடைக்காரன் பக்கம் இழுத்து வைப்பது என்று இதைச் சொல்லலாம்.

மனிதக் கண்ணுக்கும் வேலை உண்டு. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நடந்த போட்டியில் இந்திய அணி வீரர் ஒருவர், 'வேர்டு.எக்ஸி' என்று பெயரிட்ட திருட்டு நிரலுடன் பிடிபட்டார். நடத்துநர்கள் அவர் கணினியிலேயே நேரில் சோதித்ததால் அகப்பட்டது. அவர் ஒருவர் செய்ததற்கு அந்த அணியே கலைந்தது.

நம் அளவில் மூன்று காரியங்கள் செய்யலாம். புகார் செய்யுங்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். போட்டி நடத்தினால் நம் கணினிகளையே கொடுத்து, ஆட்டத்தைப் பதிவு செய்து, பதிவைப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்லுங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று சொல்லும் எந்த ஹேக் கோப்பையும் தொடாதீர்கள். முகம் தெரியாதவனுக்கு ரிங் 0-வில் இடம் கொடுக்காதீர்கள்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு அந்தத் தம்பியையே பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்புக்குக் கேட்டிருக்கிறேன். "யோசிச்சுச் சொல்றேண்ணா" என்றிருக்கிறான். அவன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.