பேய் வருவதற்கு முன்பே தொடங்கும் கதை

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய திகில் கதையை இரண்டு முறை படித்தேன். மழை இரவு, பாழடைந்த பங்களா, மாடியில் கொலுசுச் சத்தம், கடைசி வரியில் கண்ணாடியில் தெரியும் முகம். வர்ணனை உனக்கு நன்றாக வருகிறது. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. குறை பேயிடம் இல்லை, அந்த வீட்டுக்குள் போகிற உன் நாயகனிடம் இருக்கிறது. அவனுக்கு என்ன வேண்டும் என்று கதையில் எங்குமே இல்லை. எதையும் விரும்பாதவனிடமிருந்து எதைப் பறிக்க முடியும்?

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையைத் தேடிப் படி. இங்கிலாந்தில் ஒதுக்குப்புறமான ஒரு வீடு. அதில் ஒயிட் தம்பதியும் மகன் ஹெர்பர்ட்டும். இந்தியாவில் படையில் இருந்து திரும்பிய மாரிஸ், ஒரு பக்கிரி மந்திரித்த குரங்குப் பாதத்தோடு விருந்துக்கு வருகிறார். அது மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம் தரும். முதல் ஆள் மூன்றாவது வரமாகக் கேட்டது சாவை என்று சொல்லிவிட்டு, மாரிஸ் அதை நெருப்பில் எறிகிறார். ஒயிட் பாய்ந்து அதை வெளியே எடுக்கிறார்.

அந்தச் செயலைக் கவனி. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எச்சரிக்கையைக் காதால் கேட்ட பிறகே எடுக்கிறார். முதல் காட்சியில் மகனோடு சதுரங்கம் ஆடும்போதும் தன் ராஜாவைத் தேவையில்லாத ஆபத்தில் நிறுத்துகிற மனிதர் அவர். குணம் செயலாகிறது, செயல் விளைவைக் கொண்டுவருகிறது. வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்த கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான். ஹெர்பர்ட் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான், கம்பெனி தரும் தொகை 200 பவுண்டு. தற்செயல் என்றும் சொல்லலாம். அந்தச் சந்தேகத்தைக் கதை கடைசிவரை தீர்த்து வைப்பதில்லை.

கதைப்பின்னலைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு சம்பவங்களை இடம் மாற்றிப் பார். ஜேக்கப்ஸின் கதையில் ஒன்றை நகர்த்தினால் மொத்தமும் சரிந்துவிடும். உன் கதையில் விளக்கு அணைவதையும் கொலுசு கேட்பதையும் மாற்றி வைத்தேன், எதுவும் குலையவில்லை. அங்கே சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன, இன்னும் பின்னப்படவில்லை.

முரண் எங்கே இருக்கிறது என்பதைக் கதவுக் காட்சியில் பார். மகன் இறந்து பத்து நாள். அவனை உயிரோடு திரும்பக் கேள் என்று தாய் கணவனை வற்புறுத்துகிறாள். பிள்ளையை உடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்று அதுவரை மறைத்த உண்மையை அவர் அப்போதுதான் சொல்கிறார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வரம் கேட்கப்படுகிறது. இடுகாடு தொலைவில் இருப்பதை மறந்து காத்திருக்கும் தாய்க்கு, வெகுநேரம் கழித்து, வாசலில் தட்டும் ஓசை கேட்கிறது. மேல் தாழ்ப்பாள் எட்டாமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். கணவர் இருட்டில் தரையைத் துழாவிப் பாதத்தைத் தேடுகிறார்.

இருவருமே அந்தப் பிள்ளையை நேசிப்பவர்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கதவு திறக்க வேண்டும் என்று தாயோடும், திறக்கவே கூடாது என்று தந்தையோடும் நம் மனம் ஒரே நேரத்தில் நிற்கிறது. பயம் அந்த இழுபறியிலிருந்து வருகிறது. வெளியே நின்றதை ஜேக்கப்ஸ் காட்டவில்லை, தந்தை கடைசியில் கேட்கும் மூன்றாவது வரத்தின் வாசகத்தையும் எழுதவில்லை. தந்தை பார்த்த உடலைப் பற்றி நமக்கு முன்பே தெரியும், அதுவே போதும்.

நம்மிடம் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொள்கிற பெண்ணைக் கணவன் சந்தேகிக்கிறான். மனைவியின் இரக்கமும் கணவனின் அச்சமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அதனால்தான் அந்தக் கதை இன்றும் நம்மைத் தூங்கவிடுவதில்லை.

உன் கதையைக் கைவிடாதே. அந்தக் கொலுசு நாயகனின் காணாமல்போன தங்கையுடையதாக இருக்கட்டும். அவளைத் தேடித்தான் அவன் அந்த வீட்டுக்கு வந்திருக்கட்டும். கூட ஒருவரை அனுப்பு. அது அவன் அம்மாவாகவும் இருக்கலாம். மாடிக்குப் போகாதே என்று அவனைத் தடுக்க அவளுக்கு வலுவான காரணம் ஒன்றைக் கொடு. அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடாதே. இருவரும் படிக்கட்டில் நிற்கும்போது சொல்ல வை. கண்ணாடியில் தெரியும் முகத்தை எடுத்துவிடு.

நாயகனுக்கு என்ன வேண்டும், அதற்கு அவன் எதைக் கொடுக்கத் தயார், அவனைத் தடுப்பவருக்கு என்ன நியாயம் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள். அதற்குப் பிறகு மழையை எழுது. திருத்திய கதையை எனக்கு அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்