மெத்தோனிக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிரீஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று உன் அப்பா போனில் சொன்னான். ஏதென்ஸ், சாண்டோரினி என்றுதான் இருக்கும் என நினைத்தேன். மெத்தோனியில் இரண்டு நாள் தங்கப்போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. நான் போய்வந்த ஊர், அதனால் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கலமாத்தாவிலிருந்து பிலோஸ் வழியாகத்தான் போவாய். பிலோஸில் இறங்கி அங்குள்ள விரிகுடாவைக் கொஞ்ச நேரம் பார். 1827 அக்டோபர் 20 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்று நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து துருக்கி, எகிப்து கடற்படையை நொறுக்கியது அங்கேதான்.

மெத்தோனி சின்ன ஊர். மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடும். அந்த நேரத்தில் தெருவில் சத்தமாகப் பேசாதே. கடைக்குள் போனால் காலையில் ‘கலிமேரா’, சாயங்காலம் ‘கலிஸ்பேரா’ என்று முதலில் நீ சொல். முகம் மலர்ந்து பதில் வரும்.

மெத்தோனிக் கோட்டைக்குக் காலையிலேயே போய்விடு. எத்தனை மணிக்குத் திறந்து எப்போது மூடுவார்கள் என்று முதல் நாளே விடுதியில் கேட்டுக்கொள். உள்ளே நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் அவசியம். அகழியின் மேல் வளைவு வளைவாகப் போகும் கல்பாலத்தைத் தாண்டி நுழைந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். காய்ந்த புல், இடிந்த சுவர்கள், துருக்கியர் காலத்துக் குளியல் கூடம், ஒரு தேவாலயம், தனியாக நிற்கும் ஒரு கருங்கல் தூண். பலர் இதையெல்லாம் கடந்து விறுவிறுவென்று கடல்வாசலுக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீ அந்தப் புல்வெளியில் நின்று பார், பாப்பா. அது ஒரு ஊர் இருந்த இடம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெனிஸ்காரர்கள் ஆண்ட துறைமுகம். ஜெருசலேம் போன யாத்ரிகர்களின் கப்பல்கள் இங்கே நின்றுதான் போயின. 1828இல் பிரெஞ்சுப் படை வந்த பிறகு குடியிருப்பு கோட்டைக்கு வெளியே வந்தது. நீ தங்கப்போகும் தெருக்கள் அப்படிப் பிறந்தவைதான். கோட்டை அந்த ஊரின் பூர்வீக வீடு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

கடல்வாசலைத் தாண்டினால் ஒரு நடைபாதை, அதன் முடிவில் சின்னப் பாறைத்தீவின் மேல் புர்ட்சி. எட்டுப் பட்டைக் கோபுரம், துருக்கியர் கட்டியது. எல்லாப் படங்களிலும் வருவது அதுதான். ஆனால் 1500 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துக்கொண்டு அங்கே போ. இரண்டாம் பயாசித் சுல்தானின் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. உதவிக் கப்பல்கள் வந்துவிட்டன என்ற சந்தோஷத்தில் காவலர்கள் மதிலை விட்டு இறங்கி ஓடினார்கள், அந்த இடைவெளியில் எதிரி ஏறிவிட்டான் என்று சொல்வார்கள். ஓடிவந்த வீரர்களும் ஊர்மக்களும் வெட்டுப்பட்டது அந்தப் பாறையில்தான். இது தெரிந்த பிறகு என்னால் அங்கே சிரித்துக்கொண்டு படத்துக்கு நிற்க முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கமும் அலை வந்து பாசி படிந்த கற்களுக்கு நடுவே உறிஞ்சிக்கொண்டு இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நீயும் கொஞ்ச நேரம் உட்கார்.

சாயங்காலம் ஊர்க் கடற்கரையிலிருந்து கோட்டையைப் பார். கடலுக்குள் தெரிவது சப்பியென்சா தீவு.

புர்ட்சிக்குப் போகும் அந்த நடைபாதையில் ஈரம் பட்டால் கல் வழுக்கும். நான் ஒருமுறை தடுமாறினேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போ. போய்ச் சேர்ந்ததும் உன் அம்மாவுக்கு முதலில் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா