நற்றாயும் செவிலியும்: அம்பை சிறுகதைகளில் தாய்மையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பெண்ணெழுத்தில் தாய்மை பெரும்பாலும் உடல் சார்ந்த நிகழ்வாகவோ குடும்பம் சுமத்தும் கடமையாகவோ மட்டுமே நோக்கப்பட்டுள்ளது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’, ‘காட்டில் ஒரு மான்’, ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ஆகிய மூன்று சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, தாய்மை என்பது பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும் ஒரு சொல்லாடலாக அவற்றில் உருப்பெறுவதை இக்கட்டுரை ஆராய்கிறது. அகப்பொருள் மரபின் நற்றாய், செவிலி என்னும் பாகுபாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அம்பை, தாய்மை, செவிலி, நற்றாய், பூப்பு, சமையலறை, பெண்மொழி

முன்னுரை

அம்பை என்னும் புனைபெயரில் எழுதிவரும் சி.எஸ். லட்சுமி 1944இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ‘சிறகுகள் முறியும்’ (1976) தொகுப்பு முதல், 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ வரை அவர் கதைகளில் தாய்–மகள் உறவு தொடர்ந்து இடம்பெறுகிறது. இக்கதைகளைத் தாய்மையின் புனிதத்தைக் கட்டுடைப்பனவாகக் காண்பது திறனாய்வில் வழக்கம். கட்டுடைத்தலோடு கதைகள் நின்றுவிடுகின்றனவா, தாய்மையை வேறோர் இடத்தில் மீண்டும் நிறுவுகின்றனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நற்றாயும் செவிலியும்

பெற்றவளும் வளர்த்தவளும் ஒருவரே ஆகவேண்டும் என்பது அகமரபின் கொள்கையன்று. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியின் உயிர்த்தோழி அச்செவிலியின் மகள். தொல்காப்பியக் களவியல் ‘தாய்’ என்னும் பெயருக்கு உரியவளாகச் செவிலியையே சுட்டுகிறது. அதற்கு அது கூறும் காரணம் கருதத்தக்கது. கருவில் சுமந்ததோ பாலூட்டியதோ அங்குக் காரணமாகக் கூறப்படவில்லை. அரிய மறைபொருளை எடுத்துரைக்கும் சிறப்பே கூறப்படுகிறது. சொல்லவியலாதவற்றைச் சொல்லும் உரிமையே ஒருத்தியைத் தாயாக்குகிறது என்பது இதனால் பெறப்படும். அம்பை இவ்விலக்கணத்தைக் கருத்திற்கொண்டு எழுதினார் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அவர் கதைகள் தாய்மையை வைத்துப் பார்க்கும் இடம் இவ்விலக்கணம் காட்டும் இடத்தோடு பொருந்துகிறது என்பதே வாதம்.

நற்றாயின் மொழித்தோல்வி

‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையைக் கூறுபவள் சிறுமி. தன் கறுப்பு நிறம் பற்றிப் பிறர் கூறும் சொற்களால் காயப்படும் அவளுக்கு அம்மாவின் அருகாமையே ஆறுதல். அவள் நினைவில் அம்மா தெய்வத்தன்மை கொண்டவளாக வளர்ந்து நிற்கிறாள். அம்மா ஊரில் இல்லாதபோது சிறுமி பூப்பெய்துகிறாள். சுற்றியிருப்போர் விலக்குகளையும் சடங்குகளையும் கூறுகின்றனர். தன் உடலுக்கு என்ன நேர்ந்தது என்னும் பொருளை எவரும் கூறவில்லை. அம்மா வந்து சொல்வாள் என்று அவள் காத்திருக்கிறாள். அதாவது, மறைபொருளை எடுத்துரைக்கும் உரிமையை அம்மாவுக்கென்றே ஒதுக்கிவைக்கிறாள்.

திரும்பி வரும் அம்மா கூறுவது சலிப்பு மிக்க சில சொற்களே. மகளின் பூப்பு அவளுக்குச் சுமையாகவே தோன்றுகிறது. கதைத் தலைப்பிலுள்ள கொலை இச்சொற்களால் நிகழ்கிறது. இதனைத் தாயின் கொடுமை என்று மட்டும் வாசிப்பது கதையின் அமைப்பைக் கவனியாத வாசிப்பாகும். உறவுப் பெண் ஒருத்தியின் திருமணப் பேச்சுக்காகவே அம்மா சென்றிருந்தாள். பெண் கறுப்பு என்று கூறி அவ்வரன் தட்டிப்போனது. அம்மாவின் வாய்வழி வெளிப்படுவது திருமணச் சந்தையின் மொழி. மகளுக்கென அவளிடம் சொந்த மொழி இல்லாத அக்கணத்தில் ஊராரின் மொழி அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நற்றாய் அக்கணத்தில் செவிலியாக இயலாமற்போவதே இக்கதையின் துயரம்.

பெறாதவளின் செவிலிமை

‘காட்டில் ஒரு மான்’ (2000) இதன் மறுதலையை முன்வைக்கிறது. தங்கம் அத்தை பூப்பெய்தாதவள். அவள் உடலைத் ‘திறக்க’ மருந்துகளும் அச்சமூட்டும் முயற்சிகளும் கையாளப்படுகின்றன. அவை பயன்தராத நிலையில் கணவர் ஏகாம்பரம், செங்கமலத்தை மணந்துகொள்கிறார். செங்கமலத்தின் குழந்தைகள் அத்தையின் மடியில் வளர்கின்றன. இரவுகளில் குடும்பத்துக் குழந்தைகள் அனைவருக்கும் அவள் கதை கூறுகிறாள். அவள் கூறும் கதைகளில் சூர்ப்பனகையும் தாடகையும் அரக்கிகளாக இல்லாமல் ஆசையும் துயரமும் உடைய பெண்களாக மாறுகின்றனர்.

பொள்ளல் மரம் என்னும் உவமையால் ஊரார் அவளை அளக்கின்றனர். குழந்தைகளோ அவள் உடலில் அப்பொள்ளலைக் காணவியலாமல் வியக்கின்றனர். தன் காட்டை இழந்து அறியாத காட்டுக்குள் புகுந்து அஞ்சும் மான், ஒரு நிலவொளி இரவில் அச்சம் நீங்கி அக்காட்டைத் தனதாக்கிக்கொள்ளும் கதையை அவள் கூறுகிறாள். பூப்பு, புணர்ச்சி, மகப்பேறு என்னும் பழகிய வழியில் செல்லாத ஓர் உடலின் தன்வரலாறு இது. நேரே கூறவியலாத மறைபொருளை அவள் கதையாக்கிக் குழந்தைகளிடம் ஒப்படைக்கிறாள். முன்னைய கதையில் பெற்ற தாய் கூறத் தவறியதை இங்குப் பெறாதவள் கூறிவிடுகிறாள்.

இளையவள் செவிலியாதல்

‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ (1988) அஜ்மீரில் வாழும் கூட்டுக்குடும்பம் ஒன்றைக் களமாகக் கொண்டது. தென்னாட்டிலிருந்து மருமகளாக வரும் மீனாட்சி, சமையலறையின் சன்னலைப் பெரிதாக்கலாம் என்கிறாள். அடுத்த நாளே வெளியே துணிக்கொடிகள் கட்டப்பட்டு, சன்னல்வழித் தெரிந்த மலைகள் ஈரத்துணிகளால் மறைக்கப்படுகின்றன. பாப்பாஜியின் மறுமொழி சொற்களில் இல்லை; கயிற்றில் இருக்கிறது.

மாமியார் ஜீஜி மருமகளுக்கு அறிவுரை ஒன்று கூறுகிறாள்: சமையலறையைக் கைப்பற்றிக்கொள்ள வேண்டும், அலங்காரத்தைக் கைவிடலாகாது, பெண்ணின் அதிகாரம் இவ்விரண்டில்தான் உள்ளது. ஜீஜியைப் பொறுத்தவரை இதுவும் மறைபொருளே. தன் வாழ்நாள் அறிவை அவள் உண்மையான பரிவோடு கையளிக்கிறாள். ஆயினும் அது சிறைக்குள் வாழும் திறனைக் கற்பிக்கும் அறிவு. கதையின் இறுதியில் நோயுற்றுக் கிடக்கும் ஜீஜியின் அருகே அமர்ந்து, சமையலறையும் நகைகளும் இல்லாதிருந்தால் அவள் என்னவாகியிருக்கக்கூடும் என்று மீனாட்சி மென்குரலில் கூறுகிறாள். செவிலிக்குரிய உரை இங்குத் திசை மாறுகிறது. இளையவள் மூத்தவளுக்குத் தாயாகிறாள். அகவை, குருதி, மணவுறவின் படிநிலை ஆகிய எவையும் தாய்மைக்கு நிபந்தனையாக இல்லை என்னும் எல்லைக்கு அம்பையின் சிந்தனை இங்கு நகர்கிறது.

மரபிலிருந்து விலகும் இடம்

செவிலி என்னும் அளவுகோலுக்கு ஓர் எல்லையும் உண்டு. அகமரபில் செவிலி காவலுக்கும் உரியவள். தலைவியின் மெய்வேறுபாட்டைக் கண்காணிப்பவள் அவள். இற்செறிப்புக்கும் அவள் துணைநிற்பாள். தோழியிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து நற்றாய்க்கும், அங்கிருந்து தந்தை, தமையனுக்கும் செல்லும் அறத்தொடு நிற்றலின் இலக்கு திருமணமே. அங்குச் செவிலியின் உரை, குடும்பத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தருவதற்கான கருவி.

அம்பையின் கதைகளில் காவல் நீங்கி உரை மட்டும் எஞ்சுகிறது. தங்கம் அத்தையின் மான்கதை எவரையும் திருமணத்துக்கு ஆயத்தப்படுத்துவதன்று. மீனாட்சியின் சொற்கள் ஜீஜியின் வாழ்வை மாற்றுவதற்கும் காலம் கடந்துவிட்டது. அவை அவளை அவளாகக் கண்டுகொள்வதற்காக மட்டுமே கூறப்படுகின்றன. ஜீஜி கூறும் அறிவுரையோ இரு மரபுகளுக்கும் நடுவில் நிற்கிறது: அதில் பரிவும் உண்டு, காவலும் உண்டு.

முடிவுரை

மூன்று கதைகளையும் ஒருங்குவைத்து நோக்கும்போது கீழ்க்காண்பவை பெறப்படுகின்றன. பெறுதலால் தாய்மை தானே வாய்த்துவிடுவதில்லை என்பதை முதற்கதையும், பெறாமையால் அது இல்லாமற்போவதில்லை என்பதை இரண்டாவதும், மூத்தவள் இளையவள் என்னும் படிநிலைக்கு அது கட்டுப்படுவதில்லை என்பதை மூன்றாவதும் நிறுவுகின்றன. தாய்மையை மறுக்கும் எழுத்து என்னும் மதிப்பீடு அம்பைக்கு முழுமையாகப் பொருந்தாது. ஒரு பெண்ணின் உடலையும் வாழ்வையும் பற்றி அவளுக்குச் சொல்லப்படவேண்டியதைச் சொல்லும் துணிவாகத் தாய்மையை அவர் மீட்டெடுக்கிறார். அத்துணிவு தவறும்போது நிகழ்வதைக் கொலை என்றே அவர் தலைப்பிட்டிருப்பது, அதற்கு அவர் அளிக்கும் மதிப்பின் அளவைக் காட்டும். பெண்ணெழுத்தில் தாய்மையை ஆராய்வோர் பெறுதல், மறுத்தல் என்னும் இரு முனைகளோடு சொல்லுதல் என்னும் மூன்றாம் முனையையும் கருதுவது பயன்தரும்.